வில்லைகளும் மலையகமும்: ஒளியியல் வடிவமைப்புக் கல்விக்குரிய நூல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் காணி, கூலி, குடியுரிமை ஆகிய மூன்றையுமே அச்சாகக் கொண்டனர். அம்மூன்றும் அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு சமூகத்தின் வாழ்வை மாற்றியமைக்கும் காரணிகளுள் அறிவியற் கருவிகளும் அடங்கும் என்பது எமது வரலாற்றாய்வில் உரிய அழுத்தம் பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரு கண்ணாடி வில்லைகள் மத்திய மலைநாட்டை நோக்கித் திருப்பப்பட்டன. ஒன்று நுணுக்குக்காட்டியின் வில்லை. மற்றையது ஒளிப்படக் கருவியின் வில்லை. முன்னையது கோப்பி இலையை நோக்கியது; பின்னையது கோப்பித் தோட்டங்களின் காலத்தில் இந்நாட்டு உழைப்பாளரின் முகத்தை நோக்கியது. அவ்விரு வில்லைகளும் எவ்வாறு உருவாயின, அவற்றை உருவாக்கும் அறிவு எவ்வாறு நூல்களில் இடம்பெற்றது, அந்நூல்களை இன்று ஹற்றனிலோ நுவரெலியாவிலோ இருந்து கற்க விழையும் மாணவர் எவ்வொழுங்கிற் பயிலலாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூற்பட்டியல் ஒன்றை மட்டும் தருவது எளிது. ஆனால் ஒரு நூல் எந்தத் தேவையிலிருந்து எழுந்தது என்பதை அறியாது அதனைப் பயில்வோர் இடையிலேயே கைவிட்டு விடுவர். ஆகவே வரலாற்றை முன்னும் நூல்களைப் பின்னும் வைத்து நோக்குவோம்.

1. கோப்பி இலையும் நுணுக்குக்காட்டியும்

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருத்தல் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆய்வில் அக்காலத்தே தலைசிறந்து விளங்கிய பேர்க்லி அவ்விலைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத பங்கசு எனத் துணிந்து, ஹெமிலேயா வஸ்ராட்றிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி 'அழிப்பது' எனப் பொருள்படும். பெயரிட்டவர் அறிந்தோ அறியாமலோ கூறிய அவ்வாக்குப் பலித்தது.

1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வோர்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராயும் பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882 வரை அவர் இங்கு தங்கி ஆய்வு நடத்தினார். பங்கசின் வித்திகள் இலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியே உட்புகுதலை அவர் நிறுவினார். காற்றில் மிதந்து வரும் வித்திகளைப் பிடித்தற்கு ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளை நாட்டி, அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் முப்பதில் ஒரு பங்கு அளவினவான அவ்வித்திகளை வெறுங்கண்ணாற் காண்டல் இயலாது. அவற்றின் வாழ்க்கை வட்டத்தைப் படிப்படியாகத் தொடர்தற்கு நல்ல வில்லை இன்றியமையாததாயிற்று.

அத்தகைய வில்லை வோர்ட் பிறப்பதற்குச் சில பதிற்றாண்டுகளுக்கு முன்னர் கிடைத்திருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நுணுக்குக்காட்டிகள் பொருளின் விளிம்பைச் சுற்றி நிறக் கரைகளையும் மங்கலையும் தோற்றுவித்தன. 1758ஆம் ஆண்டில் டொலண்ட் நிறநீக்கி வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்னரே செஸ்ரர் மூர் ஹோல் என்பார் அதன் நெறியைக் கண்டிருந்தார். ஆயினும் அது தொலைகாட்டிக்கே உதவியது. நுணுக்குக்காட்டியின் சிறிய, மிகுந்த வளைவுடைய வில்லைகளில் நிறப்பிறழ்ச்சியோடு கோளப்பிறழ்ச்சியையும் ஒருங்கே அடக்கும் வழியை 1830ஆம் ஆண்டில் ஜோசப் ஜக்சன் லிஸ்ரர் வெளிப்படுத்தினார். தொழிலால் அவர் ஒரு வைன் வணிகர் என்பதும், பின்னாளில் அறுவை மருத்துவத்திற் கிருமிநீக்க முறையைப் புகுத்திய லிஸ்ரரின் தந்தை என்பதும் குறிப்பிடத்தக்கன. 1873ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஜெனா நகரில் ஏர்ண்ஸ்ற் ஆபே நுணுக்குக்காட்டியில் விம்பம் உருவாகும் முறைக்குரிய கொள்கையை வெளியிட்டார்.

நோயின் இயல்பை அறிந்தும் கோப்பியைக் காத்தல் இயலவில்லை. வோர்ட்டின் முடிவுகள் வெளிவருமுன் நோய் மலைநாடெங்கும் பரவிவிட்டது. ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்திற் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பி அழிந்த நிலங்களைப் படிப்படியாகக் கைப்பற்றியது.

இம்மாற்றம் பயிர் மாற்றம் மட்டுமன்று. கோப்பிக்கு அறுவடைப் பருவத்திலேயே மிகுதியான தொழிலாளர் தேவைப்பட்டனர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கால்நடையாக வந்தோர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கொய்யப்பட வேண்டுவது. ஆகவே குடும்பங்களாகத் தங்கி வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். லயக் காம்பராக்களை நிலையான வதிவிடமாகக் கொண்ட சமூகம் ஒன்று மலையகத்தில் வேரூன்றியமைக்கு இதுவே பொருளாதாரக் காரணமாகும். பேர்க்லியின் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பெயர்பெற்ற ஒரு பங்கசு, ஒரு மக்கட் கூட்டத்தின் வதிவிடத்தை மாற்றியமைத்தது எனின் அது மிகையாகாது.

2. பொகவந்தலாவைக் கல்லறை

இரண்டாவது வில்லையின் வரலாறு பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முடிகிறது. அங்கு ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் போற்றும் அவர் 1815ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்தார். அவருடைய கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கை வரலாற்று மாணவர் நன்கறிந்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராவர். அவ்வாணைக்குழுவின் விதப்புரைகளை ஒட்டி 1833ஆம் ஆண்டு அளவில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்களுள் இராசகாரிய முறையின் ஒழிப்பும் ஒன்று. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட உள்ளூர்க் குடியானவர் தோட்டக் கூலிகளாக மாறவில்லை. அவ்விடத்தை நிரப்பியோர் தென்னிந்தியத் தமிழர். கமரன் குடும்பம் மலைநாட்டிற் காணிகளை வாங்கித் தோட்டங்களையும் உடைமையாகக் கொண்டிருந்தது.

1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் அளித்த ஒளிப்படக் கருவியொன்றினைக் கொண்டு கமரன் அம்மையார் இக்கலையைத் தொடங்கினார். அக்கருவியில் ஜாமன் என்னும் பிரெஞ்சு உற்பத்தியாளரின் வில்லை பொருத்தப்பட்டிருந்தது. அது 12 அங்குலக் குவியத்தூரமுடையது; பெற்ஸ்வால் அமைப்பைச் சார்ந்தது. 1866இல் அவர் டால்மையர் நிறுவனத்தின் 30 அங்குலக் குவியத்தூரமுடைய வில்லையைப் பெற்றார். ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. எனவே எதிரில் அமர்ந்தோர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியதாயிற்று.

1875ஆம் ஆண்டிற் கமரன் தம்பதியர் இலங்கையிற் குடியேறினர். களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் மாறி மாறி வாழ்ந்தனர். 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் அம்மையார் காலமானார். மறு ஆண்டிற் காலமான கணவரும் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியுள்ளவை முப்பதுக்குக் குறைவானவை. அவற்றிற் காணப்படுவோர் பெரும்பாலும் வீட்டுப் பணியாளரும் தோட்டத் தொழிலாளரும் எனக் கருதப்படுகின்றனர். இங்கு ஒரு வேற்றுமையை நாம் மனங்கொளல் வேண்டும். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்குரியோரின் பெயர்கள் பெரும்பாலும் எமக்குத் தெரியும். கவிஞர் தெனிசன், வானியலாளர் ஜோன் ஹேர்ஷல், டார்வின் ஆகியோர் தத்தம் பெயராலேயே அறியப்படுகின்றனர். இலங்கைப் படங்களிலோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது போன்ற பொதுப் பெயர்களே பெரிதும் உள. வில்லை இரு சாராரையும் ஒரே கவனத்தோடு பதிவு செய்தது. பெயரேடு அவ்வாறு செய்யவில்லை.

பின்வந்த வணிக ஒளிப்பட நிலையங்கள் இப்போக்கை மேலும் வளர்த்தன. கண்டியில் இயங்கிய ஸ்கோவன் நிலையமும், பின்னர்த் தோன்றிய பிளாற்றே நிறுவனமும் இத்துறையிற் பெயர்பெற்றவை. அக்கால வணிகப் படங்களிலும் தபால் அட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு 'வகை'யாகவே உலகெங்கும் சென்றாள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மலையகத் தமிழர் வில்லையின் முன் நின்றனர். வில்லையின் பின்னே நின்றோர் பிறர். வில்லையை ஆக்கும் அறிவோ அதற்கும் அப்பாற்பட்டதாகவே இருந்தது.

3. கணிப்பினாற் பிறந்த வில்லை

கமரன் அம்மையாரின் முதல் வில்லையின் அமைப்புக்கு மூலமானது ஜோசப் பெற்ஸ்வால் என்பவரின் ஆக்கமாகும். இன்றைய சிலோவாக்கியாவில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த பெற்ஸ்வால் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1839ஆம் ஆண்டில் டாகெர் ஒளிப்பட முறையை வெளியிட்டபோது அதிற் பயன்பட்ட வில்லையின் துவாரம் மிகச் சிறியது. மனித முகத்தைப் படமாக்குதற்கு அது போதவில்லை. 1840ஆம் ஆண்டிற் பெற்ஸ்வால் வடிவமைத்த முகப்பட வில்லை, ஏறத்தாழப் பதினாறு மடங்கு ஒளியை உட்செலுத்தியது. அதன் துவார விட்டம் குவியத்தூரத்தின் 3.6இல் ஒரு பங்காகும். 12 அங்குலக் குவியத்தூரமுடைய வில்லையாயின் விட்டம் மூன்றேகால் அங்குலத்திற்குச் சற்று மேற்படும்.

இவ்வில்லையின் சிறப்பு அதன் ஒளியில் மட்டும் இல்லை. அதற்கு முன் வில்லைகள் பெரும்பாலும் அரைத்தும் சோதித்தும் மீண்டும் அரைத்தும் ஆக்கப்பட்டன. பெற்ஸ்வாலோ கண்ணாடியைத் தொடுமுன் தாளிற் கணித்தார். கணிப்பு மிகப் பெரிதாயிருந்தமையால் ஒஸ்திரிய அரச குடும்பத்தினரான லுட்விக் கோமகன் பீரங்கிப் படையைச் சேர்ந்த கணிப்பாளர்களை அவருக்குத் துணையாக அளித்தார். எட்டுப் படைவீரரும் மூன்று கோப்பிரல்களும் எனப் பொதுவாகக் கூறுவர். குண்டின் பாதையைக் கணித்துப் பழகிய கைகள் ஒளிக்கதிரின் பாதையைக் கணித்தன. ஒளியியல் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவர்களை எண்ணிக்கையாற் குறிக்கின்றனவே தவிரப் பெயராற் குறிப்பதில்லை. படத்தில் அமர்ந்த தொழிலாளர் பெயரும், வில்லையைக் கணித்த படைவீரர் பெயரும் ஒருங்கே மறைந்தமை தற்செயல் அன்று. உழைப்பை எண்ணிக்கையாற் குறிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றே.

வில்லை வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல் யாதெனிற் கூறுவோம். கோள மேற்பரப்பே அரைத்தற்கு எளியது. ஆனால் கோள மேற்பரப்புடைய ஒற்றை வில்லை ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களை மீண்டும் ஒரு புள்ளியிற் சேர்ப்பதில்லை. 1856ஆம் ஆண்டில் லுட்விக் சைடல் இக்குறைகளை ஐந்தாக வகுத்தார். அவை கோளப்பிறழ்ச்சி, வால்வெள்ளி உருவில் விம்பத்தைச் சிதறச் செய்யும் கோமா, புள்ளிக்குவிவின்மை, விம்பப் புலத்தின் வளைவு, திரிபு என்பனவாகும். இவற்றோடு நிறப்பிறழ்ச்சியையும் சேர்க்க, வடிவமைப்பாளர் எதிர்த்து நிற்க வேண்டிய குறைகள் முழுமை பெறும். ஒன்றைக் குறைக்க முயலின் மற்றொன்று மிகுதல் இயல்பு. இவற்றை ஒன்றோடொன்று சமன் செய்வதே இக்கலையாகும்.

பெற்ஸ்வால் வில்லையிற் கோளப்பிறழ்ச்சி நன்கு அடக்கப்பட்டிருந்தது. புல வளைவு எஞ்சியிருந்தது. எனவே நடுவிற் கூர்மையும் ஓரத்தில் மங்கலும் அதன் இயல்பாயின. கமரன் அம்மையாரின் படங்களிற் காணப்படும் மென்மையை அக்காலத் திறனாய்வாளர் சிலர் குறையெனப் பழித்தனர். அவரோ விம்பம் அழகாகத் தோன்றிய இடத்திலேயே குவியத்தை நிறுத்தியதாகத் தாமே எழுதினார். வில்லையின் கணித இயல்பும் கலைஞரின் விருப்பமும் அப்படங்களிற் பிரிக்கவொண்ணாதபடி இணைந்துள்ளன.

1866ஆம் ஆண்டில் டால்மையர் இங்கிலாந்திலும் ஸ்ரைன்ஹைல் ஜேர்மனியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கருத்துக்கு வந்தனர். ஒட்டிய இரட்டை வில்லைகள் இரண்டினை ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வைத்து நடுவில் துவாரத் தடையை அமைத்தல் அதுவாகும். முன்பகுதி தரும் கோமாவையும் திரிபையும் பின்பகுதி எதிர்த்திசையில் தந்து நீக்கும். 1884ஆம் ஆண்டில் ஆபேயும் ஒற்றோ ஷொட்டும் ஜெனாவிற் கண்ணாடி ஆய்வுகூடத்தை நிறுவிப் புதுவகை ஒளியியற் கண்ணாடிகளை ஆக்கியதன் பின்னர் புள்ளிக்குவிவின்மையையும் அடக்குதல் இயன்றது. 1893இல் டெனிஸ் ரெயிலர் மூன்றே வில்லைகளைக் கொண்டு குக் மூவில்லையையும், 1902இல் போல் றுடோல்ப் ரெசார் வில்லையையும் ஆக்கினர். பின்வந்த எத்தனையோ ஒளிப்படக் கருவிகளின் வில்லைகள் இவ்விரண்டின் வழித்தோன்றல்களாகும்.

4. நூலாகாத அறிவும் நூலாகிய அறிவும்

பெற்ஸ்வால் தம் ஆய்வின் சுருக்கத்தை 1843இல் வெளியிட்டார். விரிவான நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார் என்றும், 1859இல் அவர் வீட்டிற் புகுந்த திருடரால் கைப்பிரதி அழிந்தது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் அதனை மீண்டும் எழுதவில்லை. இதன் விளைவு நோக்கத்தக்கது. வில்லை எங்கும் பரவியது. உற்பத்தியாளர் பலர் அதனைப் பார்த்து ஆக்கினர். ஆனால் அது எவ்வாறு கண்டறியப்பட்டது என்னும் முறை பரவவில்லை. பொருள் பரவி முறை பரவாதவிடத்து அறிவு பட்டறையின் மறைபொருளாகி விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வில்லை வடிவமைப்பு அவ்வாறே சில குடும்பங்களினதும் நிறுவனங்களினதும் உடைமையாக இருந்தது.

இம்மறைப்பை உடைத்தவர் அலெக்சாண்டர் யூஜின் கொன்றாடி. 1866ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் பிறந்த அவர் இலண்டனில் நுணுக்குக்காட்டி வில்லைகளை வடிவமைத்துப் பயின்றவர். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியிலிருந்து ஒளியியற் கருவிகள் வருவது நின்றுபோகவே, பிரித்தானியா தன் அறியாமையை உணர்ந்தது. அதன் பயனாக 1917இல் இலண்டன் இம்பீரியற் கல்லூரியில் தொழினுட்ப ஒளியியற்றுறை தொடங்கப்பட்டது. கொன்றாடி அங்கு ஆசிரியரானார். அவருடைய வகுப்புப் பாடங்களின் முதிர்ச்சியே 1929இல் வெளிவந்த 'அப்ளைட் ஒப்ரிக்ஸ் அன்ட் ஒப்ரிக்கல் டிசைன்' என்னும் நூலாகும். பிரயோக ஒளியியலும் ஒளியியல் வடிவமைப்பும் என்பது அத்தலைப்பின் பொருள். அவர் 1944இற் காலமான பின்னர், அவரது மாணவரும் மருமகனுமான றுடோல்ப் கிங்ஸ்லேக் எஞ்சிய குறிப்புகளைச் செப்பஞ்செய்து 1960இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்.

அந்நூலின் வரலாற்றுப் பெறுமதி யாதெனின், பட்டறைக்கு வெளியே இருப்பவரும் மடக்கை அட்டவணையும் தாளும் கொண்டு இக்கலையைக் கற்கலாம் என்னும் நிலையை அது தோற்றுவித்தமையேயாகும். தொழிற்சாலையோ விலையுயர்ந்த கருவியோ இல்லாதவிடத்தும் தொடங்கத்தக்க துறை இது. மலையகத்தின் மாணவருக்கு இச்செய்தி தனிச்சிறப்புடையது.

5. பயிலத்தக்க நூல்கள்

முதற்படியாக, உயர்தர வகுப்புப் பௌதிகவியலிலுள்ள கேத்திரகணித ஒளியியற் பகுதியை ஐயமின்றிக் கற்றல் வேண்டும். முறிவு விதி, மெல்லிய வில்லைச் சமன்பாடு, குறிவழக்கு ஆகிய மூன்றிலும் தடுமாறுவோர் மேற்செல்லல் இயலாது. குறிவழக்கு நூலுக்கு நூல் வேறுபடும். எந்நூலைத் திறந்தாலும் முதலில் அந்நூலின் குறிவழக்கைத் தனித்தாளில் எழுதி வைத்தல் நல்ல பழக்கமாகும்.

இரண்டாம் படியில் ஜென்கின்ஸ், வைற் ஆகியோரின் 'பன்டமென்ரல்ஸ் ஒவ் ஒப்ரிக்ஸ்' உதவும். 1937இல் முதன்முதல் வெளிவந்த இந்நூல் பின்னர் இப்பெயர் பெற்றது. தடித்த வில்லைகளையும் பிறழ்ச்சிகளையும் படங்களால் தெளிவாக்குவது இது. ஹெக்ற், சஜாக் இருவரும் 1974இல் வெளியிட்டதும், பின்னைய பதிப்புகளில் ஹெக்ற் பெயரோடு வருவதுமான 'ஒப்ரிக்ஸ்' விரிவானது. ஒளியின் அலையியல்பையும் சேர்த்துக் கற்பதற்கு ஏற்றது.

மூன்றாம் படியில் வோறன் ஸ்மித்தின் 'மொடேர்ன் ஒப்ரிக்கல் எஞ்சினியரிங்' என்னும் நூலைப் பரிந்துரைப்போம். 1966இல் முதற்பதிப்புப் பெற்ற இது பொறியியலாளர் நோக்கில் எழுதப்பட்டது. ஒரு கருவிக்கு எத்தனை வில்லைகள் தேவை, அவை எங்கு அமைய வேண்டும், எவ்வளவு குறையைப் பொறுக்கலாம் என்னும் வினாக்களுக்கு நேரே விடை தருவது. தனியே கற்போருக்கு இதனினும் நல்ல துணை அரிது.

நான்காம் படி வடிவமைப்பே ஆகும். கொன்றாடியின் இரு பாகங்களையும், கிங்ஸ்லேக் 1978இல் எழுதிய 'லென்ஸ் டிசைன் பன்டமென்ரல்ஸ்' நூலையும் இங்கு வைக்கிறோம். கிங்ஸ்லேக் நீண்டகாலம் ஈஸ்ற்மன் கொடக் நிறுவனத்தின் வில்லை வடிவமைப்புப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். அவருடைய நூலை முதலிலும் கொன்றாடியைப் பின்னரும் படித்தல் எளிது. பரி ஜோன்சன் திருத்தி விரித்த கிங்ஸ்லேக் நூலின் இரண்டாம் பதிப்பு 2010இல் வெளிவந்தது.

இந்நூல்கள் எவ்வகைச் சிந்தனையைப் பயிற்றுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். 300 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள நிறநீக்கி இரட்டை வில்லை ஒன்று வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதன் நிறப்பிரிகையைக் குறிக்கும் ஆபே எண் ஒன்று உண்டு. எண் சிறிதாயின் நிறப்பிரிகை மிகும். கிரவுண் கண்ணாடிக்கு அது 64 எனவும் பிளின்ற் கண்ணாடிக்கு 36 எனவும் கொள்க. இரண்டின் வேறுபாடு 28. நிறம் நீங்க வேண்டுமாயின் கிரவுண் வில்லையின் குவியத்தூரம் 300ஐ 28ஆற் பெருக்கி 64ஆல் வகுக்க வருவதாகும், அதாவது 131.25 மில்லிமீற்றர். பிளின்ற் வில்லையின் குவியத்தூரம் 300ஐ 28ஆற் பெருக்கி 36ஆல் வகுக்க வருவதாகும். அதாவது ஏறத்தாழ 233.3 மில்லிமீற்றர். பின்னையது குழிவுவில்லை. இரண்டின் வலுக்களையும் கூட்டிப் பார்ப்பின் 300 மில்லிமீற்றருக்குரிய வலுவே எஞ்சும். பத்தாம் வகுப்புக் கணிதத்திற்கு மேற்பட்டது எதுவும் இதில் இல்லை. எனினும் நுணுக்குக்காட்டி முதல் ஒளிப்படக் கருவி வரை அனைத்தும் இத்தொடக்கத்திலிருந்தே விரிந்தன. குவியத்தூரங்கள் கிடைத்தபின், நான்கு மேற்பரப்புகளின் வளைவுகளைத் தெரிந்து கோளப்பிறழ்ச்சியையும் கோமாவையும் அடக்குவது எவ்வாறு என்பதே கிங்ஸ்லேக் நூலின் தொடர்ச்சி.

ஐந்தாம் படியிலே கொள்கை நூல்கள் உள. வெல்போர்ட் 1986இல் வெளியிட்ட 'அபறேஷன்ஸ் ஒவ் ஒப்ரிக்கல் சிஸ்ரம்ஸ்' பிறழ்ச்சிக் கொள்கையைச் செறிவாகத் தருவது. போர்ண், வுல்ஃப் இருவரும் 1959இல் வெளியிட்ட 'பிறின்சிப்பிள்ஸ் ஒவ் ஒப்ரிக்ஸ்' இத்துறையின் பேரிலக்கணம் எனத்தகும். தொடக்கநிலையில் அதனைக் கையிலெடுப்பது அச்சத்தையே தரும். வரலாற்று ஆர்வமுடையோர் கிங்ஸ்லேக் 1989இல் வெளியிட்ட ஒளிப்பட வில்லையின் வரலாற்று நூலை எந்நிலையிலும் படிக்கலாம்.

இன்று கதிர்வழியைக் கணித்தற்குக் கணினி நிரல்கள் பலவுள. கட்டணமின்றிப் பெறத்தக்கனவும் அவற்றுள் அடங்கும். பதினொரு படைவீரர் நெடுநாள் முயன்ற கணிப்பைக் கணினி நொடிப்பொழுதில் முடிக்கும். ஆயினும் எந்த அமைப்பிலிருந்து தொடங்குவது, எப்பிறழ்ச்சியை எந்த மேற்பரப்பால் அடக்குவது என்னும் தீர்ப்பை நூலறிவே தரும். ஆகவே முதல் இரட்டை வில்லையையேனும் கையாற் கணித்த பின்னரே கணினியை நாடுதல் நன்று.

6. மொழியும் கலைச்சொல்லும்

மேற்கூறிய நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன என்பது வெளிப்படை. தமிழ்மொழி மூலம் பயின்று வரும் தோட்டப்புற மாணவருக்கு இது முதல் தடையாகும். இரண்டாவது தடை நம் கலைச்சொற்களின் இருமை. இலங்கையில் முறிவு என்பதைத் தமிழ்நாட்டில் ஒளிவிலகல் என்பர். எமது நுணுக்குக்காட்டி அங்கு நுண்ணோக்கி. எமது பௌதிகவியல் அங்கு இயற்பியல். வில்லை, பிறழ்ச்சி ஆகிய சொற்கள் இரு நாட்டுக்கும் பொதுவாய் அமைந்தமை நற்பேறே. இரு மரபுச் சொற்களையும் ஆங்கிலச் சொல்லோடு ஒரே அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர் இரு நாட்டு நூல்களாலும் பயன்பெறுவர்.

இத்துறையில் எமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்குவித்தார். விஞ்ஞானம் பயின்றவரும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமான சுவாமி விபுலாநந்தர் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த யாழ் நூல், பௌதிக அறிவும் தமிழறிவும் ஒருவரிடத்தே கூடின் யாது விளையும் என்பதற்குச் சான்று. யாழின் நரம்புக்கு அவர் செய்ததை வில்லையின் கதிருக்குச் செய்வார் இன்னும் தோன்றவில்லை.

மலையகத்தின் கல்வி வரலாறு இவ்விடத்து நினைவிற் கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கீழேயே, பல இடங்களிற் கீழ்வகுப்புகளோடு நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கொன்றாடியின் நூல் வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, அதனைப் படிக்கத் தக்க அடிப்படைக் கல்விக்கு அரசின் பொறுப்பு இங்கு விரிந்தது எனலாம். விஞ்ஞானத்தில் மலையகம் பின்தங்கியமையை அம்மக்களின் ஆற்றற் குறைவாகக் காட்டுவோர் இக்கால வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

முடிவுரை

நாம் மேலே நோக்கியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மலையகத்தின் பயிரையும் குடியிருப்பையும் மாற்றிய நிகழ்ச்சிகளை முழுமையாக விளங்க ஒளியியலின் வரலாறும் வேண்டும். இரண்டாவது, வில்லை வடிவமைப்பு நூலாக எழுதப்பட்ட பின்னரே பொதுவுடைமையாயிற்று. எழுதப்படாத காலத்து அது சிலரின் மறைபொருளாயிருந்தது. மூன்றாவது, அந்நூல்களை ஒழுங்காகப் பயிலும் வாய்ப்பு இன்று எமது மாணவருக்கு எட்டாததன்று.

துவைற்ஸ் இலைகளைப் பொதி செய்து அனுப்பிய பூங்கா பேராதனையிலேயே உள்ளது. 1952 முதல் அங்கேயே பல்கலைக்கழகமும் உள்ளது. ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் அங்கு வரும் மாணவருட் சிலரேனும் ஒளியியலைத் தெரிந்தெடுத்து, கற்றதைத் தமிழிலும் எழுதுவாராயின், பெயரின்றிப் படத்தில் அமர்ந்திருந்தோரின் வழித்தோன்றல்கள் வில்லையின் மறுபக்கத்தையும் தமதாக்கிக் கொள்வர். கொன்றாடியின் அளவையும் வகுப்பையும் எட்டாவிடினும், நிறநீக்கி வில்லை ஒன்றைக் கணிக்கும் முறையைத் தமிழில் விளக்கும் ஐம்பது பக்க நூலொன்று அப்பணிக்குப் போதிய தொடக்கமாகும்.